தோட்டத்து ஜிம்மியை ஃபிளாட்டுக்குக் கூட்டி வரலாமா?

கிளுவைவேலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் காங்கயத்துக்குப் பக்கத்தில். பாதி தென்னை, மீதி ஆடு மாடு மேயும் கொறங்காடு. ஆத்தா (பாட்டி) போன பிறகு அப்பாரு (தாத்தா) அங்கே தனியாகத்தான் இருக்கிறார் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை, ஏனென்றால் ஜிம்மி இருக்கிறான். செவலை நிறம், வால் நுனியில் மட்டும் வெள்ளை. சாதாரண நாட்டு நாய். ஆத்தா இறந்த வருடம் யாரோ கொண்டுவந்து விட்ட குட்டி, இப்போது பன்னிரண்டு வயது இருக்கும்.

ஜிம்மிக்கு ஆளுக்கொரு குரைப்பு உண்டு. பால்காரருக்கு ஒன்று, தேங்காய் போட வருகிறவர்களுக்கு ஒன்று, மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவருக்கு இன்னொன்று. அப்பாரு கட்டிலில் படுத்தபடியே, "கரண்ட்டுக்காரரு வந்துட்டாரு, அட்டைய எடுத்துக் குடு கண்ணு" என்பார். வெளியே போய்ப் பார்த்தால் அவர்தான் நிற்பார். காலையில் கம்மங்கூழ் குடிக்கும்போது சொம்பின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து அவனுக்கு ஊற்றுவார். ராத்திரி ஆட்டுப்பட்டியின் படலுக்குக் குறுக்கே படுத்துக்கொள்வான். அவனைத் தாண்டித்தான் யாரும் உள்ளே போக முடியும்.

போன மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சல் வந்தது. மூக்கில் ரத்தம், ஈறெல்லாம் வெளுத்துவிட்டது. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நாலு வாரம் வாழைப்பழத்துக்குள் வைத்து அப்பாருதான் ஊட்டினார். பிழைத்துவிட்டான். ஆனால் பழைய ஓட்டம் இல்லை. கண்ணில் நீலம் பூத்திருக்கிறது, காதும் மந்தம். தண்ணீர் ரொம்பக் குடிக்கிறான்.

இப்போது அப்பாருக்கு முட்டி ஆபரேஷன் முடிந்திருக்கிறது. வரப்பில் நடக்கக் கூடாது, ஆள் துணை இல்லாமல் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆடுகளைக் கன்னிவாடிச் சந்தையில் கொடுத்தாகிவிட்டது. அவர் கோவையில் எங்கள் மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்கு வருகிறார்.

ஜிம்மியைத் தோட்டத்திலேயே விட்டுவிடலாம், அங்கே குடியிருக்கும் குடும்பம் சோறு வைக்கும் என்கிறார் அப்பா. அப்பாரு எதுவும் சொல்வதில்லை. "அது என்ன பண்ணும் பாவம்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கயிறே கட்டிப் பழகாத நாயை டைல்ஸ் தரைக்குக் கொண்டுவருவது அதற்குச் செய்கிற நல்லதா, கொடுமையா? இது போதாதென்று, நாய்க்கு அனுமதி இல்லை என்று ஃபிளாட் அசோசியேஷனிலும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டிக்காரர் (வெள்ளகோவில்):

தங்கச்சி, தோட்டத்தில் விடுவதாக இருந்தால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்க. நம் பக்கம் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவது இப்போது எத்தனை ஊரில் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் என்று எல்லாப் பக்கமும் நஷ்டஈடு கேட்டு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். கோழிக்கடைக் கழிவை ரோட்டோரம் கொட்டக் கொட்ட, கூட்டம் பெருத்துக்கொண்டே போகிறது. எங்கள் பட்டியிலும் ஒரு விடிகாலையில் போய்ப் பார்த்தபோது செத்துக் கிடந்ததெல்லாம் சினை ஆடுகள். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் காது கேட்காத கிழட்டு நாய் நிற்காது. ஒருவேளை தப்பித்தாலும், அவிழ்த்துவிட்ட எந்த நாயைப் பார்த்தாலும் ஆடு பறிகொடுத்தவனுக்குக் கை கல்லைத்தான் தேடும். அது உங்கள் ஜிம்மி என்று அவனுக்குத் தெரியாது. பட்டியில் ஆடும் இல்லை, பெரியவரும் இல்லை என்றால் அது அங்கே எதைக் காத்துக்கொண்டு கிடக்கும்? கூட்டிப் போங்க.

சரவணம்பட்டி அக்கா:

நான் இதைச் செய்திருக்கிறேன். கோபியில் அம்மாவின் வீட்டு நாய், பெயர் ராணி. அம்மா என்னோடு வந்தபோது அவளும் வந்தாள்.

முதலில் அசோசியேஷன் விஷயம். வீட்டில் வளர்க்கும் நாயைக் கூடாது என்று தடைசெய்ய அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் செல்லாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இது தெளிவாக இருக்கிறது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. அதை அச்சிட்டு, வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டையோடு செயலாளரிடம் கொடுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். அவன் அசிங்கம் செய்தால் நாங்களே எடுத்துச் சுத்தம் செய்வோம் என்று நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும்.

அப்புறம் வீடு. டைல்ஸ்தான் பெரிய எதிரி. பின்னங்கால் வழுக்கி ஒருமுறை விழுந்துவிட்டால் அதன் பிறகு நடக்கவே பயப்படும். கட்டிலிலிருந்து வாசல் வரை, வாசலிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை ரப்பர் விரிப்பு போடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். கண் மங்கிய நாய் வீட்டை மோந்து மோந்து மனப்பாடம் செய்யும், அதனால் சோபா, நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். அது படுத்த கோணிச்சாக்கைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். நாற்றம் அடிக்கிறது என்று வீட்டில் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ராணி முதல் நாள் முழுக்க மூத்திரமே போகவில்லை. சிமெண்ட் தரையில் போக அவளுக்கு மனம் வரவில்லை. என் கணவர் கோபிக்குப் போய்த் தோட்டத்து மண்ணை ஒரு சாக்கில் அள்ளி வந்தார். பால்கனியில் அகலமான தட்டில் அதைக் கொட்டி வைத்தோம். மோந்து பார்த்தாள், உடனே போனாள். அம்மா அழுதுவிட்டார். நீங்கள் வரும்போதே மண்ணையும் கொண்டுவந்துவிடுங்கள். நடக்கக் கூட்டிப் போவது விடியலிலும் இருட்டியும் மட்டும்தான். ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

அதன் பிறகு ராணி ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் எங்களோடு இருந்தாள். தீபாவளிக்கு ஜன்னலையெல்லாம் சாத்தி, அம்மா அவளைப் புடவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். கடைசியில் அம்மாவின் காலடியில்தான் போனாள். அவளைக் கோபிக்குக் கொண்டுபோய் மாமரத்தடியில் புதைத்தோம். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. இருந்தாலும், அவளைக் கோபியில் விட்டுவிட்டு வந்திருந்தால் அம்மா இங்கே ஒரு மாதம்கூடத் தங்கியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நொய்யல்கரை:

மாற்றுக் கருத்து. தோட்டத்து நாய்க்குத் தோட்டம்தான் வீடு. எங்கள் சித்தப்பா ஒரு நாயைத் திருப்பூருக்குக் கொண்டுபோனார். கதவு திறந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது, கிடைக்கவே இல்லை. கொண்டுவருவதாக இருந்தால் கழுத்துப்பட்டையில் போன் நம்பரை எழுதிக் கட்டுங்கள். கயிற்றுக்குப் பழக்குவதைத் தோட்டத்திலேயே இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (நாமக்கல்):

அம்மா, எங்கே வைப்பது என்பதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. தண்ணீர் அதிகம் குடிப்பதைச் சும்மா விடாதீர்கள். சிறுநீரகமாக இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். நாள்பட்ட உண்ணிக் காய்ச்சலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. சிறுநீரகம் பெரும்பகுதி பழுதான பிறகுதான் அது ஏறும். சிறுநீரின் அடர்த்தியையும், அதில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். விடிகாலைச் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு போனால் நல்லது.

ஃபிளாட்டில் அடிக்கடி மூத்திரம் போகிறதே என்று தண்ணீரைக் குறைத்து வைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதான நாய்க்கு அதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. பெரியவருக்குக் கொடுத்திருக்கும் முட்டிவலி மாத்திரையை, பாவம் அதற்கும் கால் வலிக்கிறதே என்று பாதி உடைத்துக் கொடுத்துவிடப் போகிறார், அவரிடம் சொல்லி வையுங்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதுவும் நாய்க்கு ஆகாது.

கண்ணில் நீலம் என்கிறீர்கள். வயதான நாய்க்கு லென்ஸ் இறுகுவதால் அப்படித் தெரியும், பார்வை பெரிதாகப் போகாது. பால் மாதிரி வெள்ளையாக இருந்தால்தான் புரை. உண்ணி மருந்தை மட்டும் டவுனுக்கு வந்த பிறகும் நிறுத்தாதீர்கள்.

கிளுவைவேலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எல்லாப் பதிலையும் அப்பாருக்குப் படித்துக் காட்டினேன். ராணியைப் பற்றி இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். அப்பாவும் பக்கத்தில் இருந்து கேட்டார். வெள்ளகோவில் அண்ணன் எழுதியதைக் கேட்ட பிறகு அவர் தோட்டத்தில் விடுவதைப் பற்றிப் பேசவில்லை.

ஆய்வாளர் ஐயா, நீங்கள் நினைத்தது சரிதான். ஒருநாள் அவன் நொண்டியபோது மாத்திரை கொடுக்கலாமா என்று அப்பாரு கேட்டிருக்கிறார். தோட்டத்தில் குடியிருக்கும் அக்காதான் வேண்டாம் என்றிருக்கிறார். அந்த அக்காவே இப்போது தினமும் கயிறு கட்டிக் கிணற்று மேடு வரை நடத்திப் பழக்குகிறார். முதலில் படுத்துக்கொண்டு அடம்பிடித்தானாம், இப்போது வருகிறானாம்.

சனிக்கிழமை பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறோம். முடிவு எப்படி வந்தாலும் அப்பாருவும் அவனும் ஒரே காரில்தான் வருவார்கள். சாக்கு, மண், கூழ் ஊற்றும் தட்டு எல்லாம் கூடவே வருகிறது. விரிப்புக்கு அளவெடுத்துவிட்டேன். செயலாளர் வழிகாட்டுதலைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

சரவணம்பட்டி அக்கா, இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ராணி ராத்திரியில் குரைத்தபோது பக்கத்து வீட்டுக்காரர்களை எப்படிச் சமாளித்தீர்கள்? ஜிம்மிக்கு ராத்திரி முழுக்கக் காவல் இருந்துதான் பழக்கம்.

சரவணம்பட்டி அக்கா:

கட்டிலை வாசல் கதவிலிருந்து தள்ளிப் போட்டு, அதன் பக்கத்திலேயே சாக்கை விரியுங்கள். குரைத்தால் அதட்டாமல், அப்பாருவைக் கையை நீட்டித் தொடச் சொல்லுங்கள். காது மந்தம் என்பதால் சத்தத்தைவிடத் தொடுதல்தான் அதற்குப் புரியும். பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே போய், பெரியவரும் நாயும் வருகிறார்கள், முதல் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் எதிர்வீட்டுப் பையன் அப்படித்தான் ராணிக்குப் பழக்கமானான், அவளைச் சாயங்காலம் நடக்கக் கூட்டிப் போனதே அவன்தான்.