மெல்லிய கிட்டார் ஒலியை ஸ்பீக்கர் விழுங்குகிறது

காக்டோ ட்வின்ஸ் இசைக்குழு 1997ல் கலைந்த பிறகு அதன் கிட்டாரிஸ்ட் ராபின் கத்ரி 2003ல் தனியாக வெளியிட்ட 'இம்பீரியல்' ஆல்பம். முழுக்க கிட்டார்தான், எதிரொலி மெதுவாகத் தேய்ந்து மறைவதில்தான் சுகமே, ஆனால் என் ப்ளூடூத் ஸ்பீக்கரில் அந்த இடம் வந்ததும் சத்தம் பட்டென்று நின்றுவிடுகிறது, அடுத்த டிராக்கின் தொடக்கமும் கொஞ்சம் காணாமல் போகிறது.

ஆண்ட்ராய்டு போன், சிடியிலிருந்து எடுத்த, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) ஃபைல். போன மாதம் ஸ்பீக்கர் வாங்கியதிலிருந்தே இப்படித்தான். வயர் ஹெட்போனில் அதே ஃபைல் சுத்தமாகக் கேட்கிறது. கோடெக்கை (ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) எஸ்பிசி, ஏஏசி என்று மாற்றினேன், பேட்டரி சேவரை அணைத்தேன், ரீசெட்டும் செய்தாயிற்று. போனில் வால்யூமை முழுதாக வைத்து ஸ்பீக்கரில் குறைத்தால் ஓரளவு பரவாயில்லை. (குத்துப் பாட்டில் பிரச்சினையே தெரியாது, அதில் ஏது அமைதி!)

ஒலி குறைந்ததும் ஸ்பீக்கர் தானாக மியூட் ஆவதை நிறுத்த ஏதாவது வழி உண்டா?