குடும்பக் குழு: சாண்ட்பாங்ஸ் கேம்பிங் 🏕️

வியாழன்

கஜன், இரவு 8:41
(படம்) ட்ரெய்லர் வீட்ட வந்திட்டுது. 26 அடி. எப்பிடி இருக்கு

வசந்தி மாமி, 8:43
வடிவா இருக்கு ராசா. ட்ரக் ஏன் பின்பக்கம் குந்திக்கொண்டிருக்கு, மாடு படுக்கிற மாதிரி

கஜன், 8:44
அதுதான் மாமி கேக்க வந்தனான். கொழுவினவுடன பின்பக்கம் இறங்கிட்டுது, முன்பக்கம் வானத்தைப் பாக்குது. வரேக்க 401 ஹைவேல எதிர வந்தவன் எல்லாம் லைட் அடிச்சவங்கள், நான் ஹைபீம் போட்டிருக்கிறன் எண்டு நினைச்சு

நிரூ, 8:46
பின் ஸ்பிரிங்குக்கு எயார் பேக், காத்துப் பை போடுங்கோ அண்ணா. காத்தடிச்சா லெவலா நிக்கும். என்ர ஃப்ரெண்ட் போட்டிருக்கிறான்

கஜன், 8:49
நான் றப்பர் ஸ்பிரிங் பாத்து வைச்சிருக்கிறன், ஒரு சோடி. காத்தும் இல்லை பைப்பும் இல்லை, துளை போடவும் தேவையில்லை எண்டு போட்டிருக்கு. ரூபன் அண்ணை எங்க? அவருக்குத்தான் தெரியும்

ரூபன் அண்ணை, 9:20
இப்பத்தான் லோட் இறக்கிட்டு வந்து இருக்கிறன். றப்பர் நல்ல சாமான்தான். உன்ர எஃப்150 ட்ரக்குக்குப் பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங், தட்டுத் தட்டா அடுக்கினது தானே, ஃப்ரேமில ஒரு சின்ன றப்பர் கட்டை தொங்கும், பள்ளத்தில விழுந்தா அச்சு ஃப்ரேமில அடிக்காமல் இருக்க. அதைக் கழட்டிப்போட்டு அந்த இடத்திலயே இதைப் பூட்டுறது. உள்ளுக்குக் கோறையா இருக்கும், பாரம் ஏற ஏற மடிஞ்சு மடிஞ்சு இறுகும். வெறும் ட்ரக்கில அச்சில முட்டாமல் கொஞ்ச இடைவெளி இருக்கும், அதால வேலைக்குப் போய் வரேக்க துள்ளாது

பெரியப்பா, 9:26
நாங்கள் யாழ்ப்பாணத்தில வெங்காயம் ஏத்தின லொறிக்கு ஸ்பிரிங்கில இன்னொரு தட்டு கூடப் போட்டு விடுவம். ஒரு நாள் வேலை. முடிஞ்சுது கதை

ரூபன் அண்ணை, 9:28
அது சரி பெரியப்பா, ஆனா தட்டுப் போட்டா வெறுமையா ஓடேக்கையும் குத்தும். உங்கட லொறி ஒரு நாளும் வெறுமையா ஓடேல்லை 😄

பெரியப்பா, 9:29
அதுவும் உண்மைதான்

ரூபன் அண்ணை, 9:34
நிரூ, எயார் பேக்கும் பிழையில்லை. எவ்வளவு பாரமோ அவ்வளவுக்குக் காத்துக் கூட்டிக் குறைக்கலாம், அது றப்பரில ஏலாது. ஆனா லைன் லீக் அடிக்கும், வெறுமையா ஓடேக்கையும் கொஞ்சம் காத்து விட்டு வைக்கோணும். கஜன் ஒரு நாளும் ரயருக்கே காத்துப் பாக்கிறதில்லை, அவனுக்கு றப்பர்தான் சரி

துஷி, 9:35
😂😂 நூறு வீதம் உண்மை அண்ணா

ரூபன் அண்ணை, 9:37
சரி பகிடியை விடு. கஜன், ட்ரைவர் கதவைத் திறந்து பக்கத்தில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போடு. ஆக்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எண்டு இருக்கும் பார்

கஜன், 9:44
(படம்) 689 கிலோ, 1,520 இறாத்தல். ஆனா டீலர் 9,000 இறாத்தல் இழுக்கும் எண்டெல்லோ சொன்னவன், ட்ரெய்லர் சாமானோட 6,000 தானே

ரூபன் அண்ணை, 9:52
அங்கதான் எல்லாரும் பிழை விடுறது. இழுக்கிறது வேற, முதுகில சுமக்கிறது வேற. ட்ரெய்லர் 6,000 எண்டா அதின்ர மூக்கு உன்ர ஹிட்ச்சில, ட்ரக்குக்குப் பின்னால ட்ரெய்லர் கொழுவுற இடத்தில, பத்தில இருந்து பதினைஞ்சு வீதம் குந்தும், 12 எண்டு வை, 720 இறாத்தல் போச்சு. அது முழுக்க அந்த 1,520 க்குள்ளதான் வரும். இனி ஆக்களைச் சொல்லு, நீயும் சேத்து, ட்ரைவருக்கும் நிறை இருக்கு

கஜன், 9:58
நான் 190 இறாத்தல். துஷி 140. பிள்ளையள் ரெண்டு பேரும் 130. பெரியப்பா?

பெரியப்பா, 10:01
170. கோட்டோட

துஷி, 10:01
என்னைக் கேக்காமல் என்ர நிறையைக் குடும்பத்துக்கே சொல்லியாச்சு. சந்தோசம்

கஜன், 10:06
சொறி 🙏 ட்ரக்கின்ர பெட்ல, பின்னால சாமான் ஏத்துற இடத்தில, ஜெனரேட்டர் 100, விறகு 150, கூலர் ரெண்டும் 120, சைக்கிள் 80

ரூபன் அண்ணை, 10:11
மூக்கு 720, ஹிட்ச் இரும்பு ஒரு 80, ஆக்கள் 630, பெட் 450. மொத்தம் 1,880. 360 கூட. இப்ப நீ றப்பரைப் போட்டா என்ன நடக்கும் சொல்லு

கஜன், 10:12
லெவலா நிக்கும்?

ரூபன் அண்ணை, 10:17
லெவலா நிக்கும். 360 கூடத்தான் இருக்கும். அச்சு அதே அச்சு, ரயர் அதே ரயர், பிரேக் அதே பிரேக். இப்ப குந்திக்கொண்டு நிக்கிறதால உனக்குத் தெரியுது, நிமித்தி விட்டா அதுவும் தெரியாது. அதுதான் எனக்குப் பயம். றப்பர் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, முதல் பாரத்தை இறக்கு

வசந்தி மாமி, 10:20
கூலர் ரெண்டையும் எங்கட வான் வண்டியில ஏத்துறன். மீன் என்ர கண்ணுக்கு முன்னால இருந்தாத்தான் நிம்மதி

ரூபன் அண்ணை, 10:22
நல்லது மாமி. விறகும் வேண்டாம், பூச்சி பரவும், வெளியில இருந்து கொண்டு வராதேங்கோ எண்டு எல்லா இடமும் சொல்லுறவை, அங்க கிட்டவா வாங்குங்கோ. சைட்டில கரண்ட் இருக்கோ?

துஷி, 10:23
இருக்கு. கரண்ட் சைட்தான் புக் பண்ணினனான். ஜெனரேட்டர் எதுக்கெண்டு நான் அப்பவே கேட்டனான், இவர் கேக்கேல்லை

நிரூ, 10:25
சைக்கிளை ட்ரெய்லருக்குப் பின்னால கட்டலாமே

ரூபன் அண்ணை, 10:27
ஐயோ வேண்டாம். கடைசியில பாரம் வைச்சா மூக்கு லேசாகும், பேந்து 401ல லொறி ஒண்டு முந்திக்கொண்டு போற காத்துக்கே வால் ஆடத் தொடங்கும். ஆடத் தொடங்கினா றப்பரும் காப்பாத்தாது. சைக்கிளையும் மாமின்ர வானில போடு. அப்ப 1,430. ஸ்டிக்கருக்குள்ள வந்திட்டுது

ரூபன் அண்ணை, 10:31
இன்னொண்டு. ட்ரெய்லர் வித்த ஆள் ரெண்டு நீட்டு இரும்புக் கம்பி தந்தவரோ, ஹிட்ச்சுக்கு ரெண்டு பக்கமும் கொழுவிச் சங்கிலியால இழுத்துக் கட்டுறது?

கஜன், 10:33
தந்தவர். கராஜில மூலைக்குள்ள கிடக்கு. கிறீச் கிறீச் எண்டு சத்தம் போடும் எண்டு சொன்னவர், அதால நான் கொழுவேல்லை

ரூபன் அண்ணை, 10:40
விசரா, அதுதான்டா முக்கிய சாமான். மூக்கு பின்னுக்கு அமத்தேக்க முன் ரயர் கிளம்புது, ஸ்டியரிங் லேசாகும். றப்பர் பின்பக்கத்தைத் தூக்கும், ஆனா முன்பக்கத்தில இருந்து போன பாரத்தைத் திருப்பிக் கொண்டு வராது. அந்தக் கம்பிதான் நெம்பி முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் பிரிச்சுக் குடுக்கும். ஹிட்ச்சில ஒரு ஸ்டிக்கர் இருக்கும் பார், கம்பி இல்லாமல் எவ்வளவு, கம்பியோட எவ்வளவு எண்டு ரெண்டு கணக்கு

கஜன், 10:46
இருட்டுக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாத்தனான். கம்பி இல்லாமல் ட்ரெய்லர் 5,000, மூக்கு 500 🤦

பெரியப்பா, 10:47
அப்ப இண்டைக்கு கம்பி இல்லாமலோ இழுத்துக்கொண்டு வந்தனி

கஜன், 10:47
வெறும் ட்ரெய்லர் பெரியப்பா. ஆனா அதுவும் 5,200 🙈

சனி

கஜன், காலை 11:15
(படம்) றப்பர் பூட்டுறன், பழைய கட்டையின்ர இடப்பக்க போல்ட் அசையுதில்லை. எல்லாம் உப்புக் கறள்

ரூபன் அண்ணை, 11:18
நேற்றிரவு எண்ணெய் அடிச்சு ஊற விடச் சொன்னனான்

கஜன், 11:18
மறந்திட்டன்

ரூபன் அண்ணை, 11:19
இப்ப அடிச்சுப்போட்டுப் போய்த் தேத்தண்ணி குடி. ஃப்ரேமுக்கு ஸ்டாண்ட் வைச்சனியோ? ஜக்கை மட்டும் நம்பி கீழ பூராத

கஜன், 2:05
பூட்டியாச்சு. ஒரு மணித்தியால வேலை எண்டு பெட்டியில போட்டிருந்தது, எனக்கு நாலு

கஜன், 5:50
ட்ரக் ஸ்டொப் தராசில ஏத்தினனான். முன் அச்சில, ட்ரெய்லர் இல்லாமல் 3,180. ட்ரெய்லரோட, கம்பி இல்லாமல் 2,880. கண்ணுக்கு நல்ல லெவல் அண்ணை, ஆனா முன்னுக்கு 300 காணேல்லை. கம்பி கொழுவினாப் பிறகு 3,040

ரூபன் அண்ணை, 5:58
அரைவாசிக்கு மேல வந்திட்டுது. ட்ரக்கின்ர புத்தகத்தில எவ்வளவு வரோணும் எண்டு போட்டிருக்கும், அதோட ஒப்பிட்டுப் பார். காணாட்டி சங்கிலியில ஒரு கண்ணி இறுக்கு

துஷி, 6:02
சத்தம் உண்மையா கிறீச் கிறீச் எண்டுதான் கேக்குது. பிள்ளையள் ரெண்டும் அதே மாதிரி கத்திக்கொண்டு வருதுகள்

வசந்தி மாமி, 6:10
அது சரி, என்ர வானில ஸ்டிக்கர் எங்க இருக்கு? கூலர், சைக்கிள், இடியப்ப உரல், உங்கட மாமா எல்லாம் ஏத்தோணும்

ரூபன் அண்ணை, 6:11
அதே இடம்தான் மாமி, ட்ரைவர் கதவுப் பக்கம். மாமான்ர நிறையை இங்க போடாதேங்கோ