அடையாற்றுப் பால சென்சார்: ஆகாயத்தாமரையும் பெஞ்ச்மார்க்கும், உதவுங்க

பாலத்தடியில் அல்ட்ராசானிக் சென்சார் (ஒலியலை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது) வைத்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை க்யூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) வரைபடத்தில் ஏற்றுகிறோம்.

ஆகாயத்தாமரை தூணில் அடைந்து நின்றால், எதிரொலி செடியில் பட்டுத் திரும்பி, மட்டம் ஏறியதாகக் காட்டுகிறது. செடி நகராததால் 5 அளவீடுகளின் இடைநிலை எடுத்தும் பயனில்லை. வெப்பத் திருத்தம் போட்டாச்சு (வெப்பத்தோடு ஒலியின் வேகம் மாறுவதால், 10 டிகிரி மாறினால் 5 மீட்டருக்குச் சுமார் 9 செ.மீ. பிசகும்). ரேடார் சென்சார் வைத்தாலும் அதுவும் செடியைத்தான் பார்க்கும். அதனால், குழாய்க்குள் அழுத்த சென்சார் (நீரின் அழுத்தத்தை வைத்து மட்டம் அளப்பது) இறக்கியவர்கள், சேறு அடைக்காமலிருக்க குழாயின் துளையை எந்த உயரத்தில், எவ்வளவு விட்டத்தில் போட்டீர்கள்?

இன்னொன்று: ஜிபிஎஸ் தரும் நீள்கோள உயரம் (பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்துக் கணக்கிடுவது) சென்னையில் கடல்மட்ட உயரத்திலிருந்து 80 மீட்டருக்கும் மேல் விலகும். அதனால் எங்கள் நீர்மட்ட அளவுகோலின் பூஜ்யத்தை சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச்மார்க்கோடு (கடல்மட்ட உயரம் அளந்து வைத்த கல்) கட்ட வேண்டும். சைதாப்பேட்டை அருகே சேதமில்லாத கல் எங்கே இருக்கு? எஸ்ஆர்டிஎம் (விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த நில உயரம்) உயரத்தரவு வேண்டாம். அதன் பிழையே சில மீட்டர், தெருவில் வெள்ளம் முழங்கால் வரையா, இடுப்பு வரையா என்று சொல்லாது.