கிரைண்டரைத் தொடாதே

நான்: (படம்) தாத்தா மரம் இழைத்த இழைப்புளி பரணில் கிடந்தது. பிளேடு முழுக்கத் துரு. தேற்ற முடியுமா, புதிது வாங்கிவிடலாமா?

சித்தப்பா: சாணை பிடிக்கிற கிரைண்டரில் அஞ்சு நிமிஷம் பிடி, பளபளவென்று ஆகிவிடும்.

பெரியப்பா: வேண்டாம், கிரைண்டரைத் தொடாதே. பிளேடைக் கழற்றி, சாய்வுப் பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் படம் போடு.

நான்: (படம்) குறுக்கே ஒரு கோடு தெரிகிறது பெரியப்பா. விரிசலா?

பெரியப்பா: இல்லை, நல்ல சரக்கு! மெல்லிரும்பின்மேல் கெட்டி எஃகைப் பற்றவைத்து அடித்த பிளேடு. அந்தக் காலத்தில் எஃகு விலை அதிகம், வெட்டுகிற பக்கத்துக்கு மட்டும்தான் வைப்பார்கள். மீதி மெல்லிரும்பு என்பதால் சாணை பிடிப்பதும் சுலபம்.

சித்தப்பா: சரி, கிரைண்டர் மேல் என்ன கோபம்?

பெரியப்பா: நுனி மெல்லிசு. சூடு ஒதுங்க இடமே இல்லை. நுனி நீலமானால் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பழைய கார்பன் எஃகு அங்கேயே பதம் இழந்து மெத்தென்று ஆகிவிடும். நீலம் ஏறிய அளவும் தேய்த்துக் கழிக்க வேண்டியதுதான்.

அக்கா: விளிம்பு பெரிதாக உடைந்திருந்தால் கிரைண்டர் இல்லாமல் முடியாது பெரியப்பா. நான் வெறும் விரலால்தான் பிடிப்பேன். சுடுவதற்கு முன்பே தண்ணீரில் முக்கிவிடுவேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

பெரியப்பா: நீ செய்தால் சரி. இவன் செய்யக் கூடாது.

நான்: 🙄 துருவுக்கு என்ன வழி?

அக்கா: வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போடு. காலையில் பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசு. உடனே துடைத்து எண்ணெய் தடவு, இல்லையென்றால் கண்ணெதிரே மறுபடி துருப்பிடிக்கும்.

*மறுநாள்*

நான்: (படம்) துரு போய்விட்டது. ஆனால் தட்டைப் பக்கத்தில் குட்டிக் குட்டிப் பள்ளங்கள்.

பெரியப்பா: அங்கேதான் வேலையே. எல்லாரும் சாய்வைத்தான் தேய்தேய் என்று தேய்ப்பார்கள். கூர் என்பது இரண்டு பரப்பும் சந்திக்கிற இடம். தட்டைப் பக்கத்துப் பள்ளம் ஒன்று விளிம்புக்கு வந்துவிட்டால் கூர் அங்கே அறுந்துபோகும், இழைத்த பலகையில் நீளமாக ஒரு வரி நிற்கும்.

நான்: அப்போ முழுப் பக்கத்தையும் மட்டமாக்க வேண்டுமா?

பெரியப்பா: அய்யோ, அந்த எஃகே மெல்லிய ஏடுதான்! விளிம்பை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் போதும். தடிமனான கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, 120 நம்பர் சொரசொரப்புத் தாளில் தொடங்கி 1000 நம்பர் நைசுத் தாள் வரை போ. ஒரு தாளின் கீறல் முழுக்க மறைந்த பிறகுதான் அடுத்தது. ஆழமான பள்ளத்தை விட்டுவிடு. விளிம்பு அதன்வரை தேய்ந்து வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா: சாய்வு 25 டிகிரி. கடைசியாகச் சாணைக்கல்லில் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் தூக்கி 30. நுனியில் ஒரு மயிரிழை அளவுதான் தேய்க்க வேண்டியிருக்கும், அடுத்த தடவையும் சீக்கிரம் முடியும்.

சித்தப்பா: டிகிரி பார்க்க ஜாமெட்ரி பாக்ஸைத் தேடணுமா 😄

பெரியப்பா: ஸ்கேல் போதும். சாய்வின் நீளம் பிளேடின் கனத்தைப்போல 2 மடங்கு இருந்தால் 30 டிகிரி. ஏறக்குறைய 2.4 மடங்கு என்றால் 25.

நான்: எப்போது நிறுத்துவது?

பெரியப்பா: தட்டைப் பக்கத்தில் விரலை உள்ளிருந்து வெளியே தள்ளிப் பார். விளிம்பு நெடுகப் பிசிறு தட்டுப்பட்டால் அந்தக் கல்லின் வேலை முடிந்தது. பாதியில் மட்டும் தட்டினால் இன்னும் தேய். அப்புறம் நைசான கல், கடைசியில் தோல் வாரில் பின்னோக்கி இழு.

அக்கா: பிளேடுமேல் இரண்டாவது தகடு இருக்கிறதா? அதன் நுனி பிளேடில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், இல்லையென்றால் மரச்சுருள் அதற்குள் போய் அடைத்துக்கொள்ளும். விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி வை. பலகையில் நார் பிய்ந்தால் இன்னும் நெருக்கு.

*மாலை*

நான்: (காணொளி) சுருள் வந்தது!! பலகையில் மட்டும் இரண்டு ஓரமும் படிபோல் விழுகிறது.

பெரியப்பா: பிளேடின் மூலைகள் பதிகின்றன. கல்லில் வைத்து, ஒரு தடவை இடது ஓரத்தில் விரலை அழுத்தி இழு, ஒரு தடவை வலது ஓரத்தில். நடுப்பகுதியை விட மூலைகள் துளி பின்வாங்கினால் போதும்.

சித்தப்பா: அந்த நைசான கல்லை இரண்டு நாள் தருவாயா? என் உளியெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது.

பெரியப்பா: கல்லை முதலில் மட்டம் பண்ணு. நடுவில் குழி விழுந்திருக்கிறது, காணொளியிலேயே தெரிகிறது.