புதுப்பிப்பு: கிம்ப்பில் லேயருக்கு பார்டர் போடும் வழி கிடைத்துவிட்டது

கிம்ப் என்ற இலவச படத்திருத்த மென்பொருளில் ஒரு லேயருக்கு (படத்தின் ஓர் அடுக்குக்கு) மட்டும், அதன் உருவத்தை ஒட்டியே வெள்ளை பார்டர் போடுவது எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலரும் சொன்னது பழைய வழி: ஆல்ஃபா டு செலக்‌ஷன் (லேயரில் உருவம் உள்ள பகுதியை மட்டும் தேர்வு செய்யும் கட்டளை), அப்புறம் செலக்‌ஷனை 10 பிக்சல் க்ரோ செய்து (விரித்து), கீழே புது லேயர் சேர்த்து வெள்ளை நிரப்புவது. நன்றாகவே வருகிறது. ஆனால் லேயரில் உள்ள எழுத்தை மாற்றினால் பார்டரை முதலிலிருந்து போட வேண்டும்.

எனக்குப் பிடித்தது டிராப் ஷேடோ (உருவத்துக்கு நிழல் போடும் ஃபில்டர்) வழிதான். எக்ஸ், ஒய் (நிழலின் நகர்வு), பிளர் ரேடியஸ் (மங்கலின் அளவு) மூன்றையும் 0 ஆக்கி, க்ரோ ரேடியஸ் 10, ஒபாசிட்டி (அடர்த்தி) 1, நிறம் வெள்ளை என்று வைத்தால் நிழலே சுத்தமான பார்டராகிவிடுகிறது. க்ரோ ஷேப்பில் சர்க்கிள் என்றால் முனை உருண்டு வரும், ஸ்கொயர் என்றால் கூராக நிற்கும். தமிழ் எழுத்துகளின் வளைவுக்கு சர்க்கிள்தான் அழகு.

2025-இல் வந்த 3.0 பதிப்பில் இந்த ஃபில்டர் லேயரோடு தனியாக ஒட்டி நிற்கிறது. எழுத்தைத் திருத்தினால் பார்டரும் கூடவே மாறுகிறது. தடிமன் பிடிக்கவில்லையா, லேயர் பட்டியலில் உள்ள எஃப்எக்ஸ் குறியைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். பழைய 2.10 பதிப்பில் அப்படியில்லை, போட்டதும் பிக்சலோடு கலந்துவிடும். அதனால் லேயரை நகலெடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.