சந்தேகம்: நெடுஞ்சாலையோரக் கடைகளுக்கு வாசலை அகலப்படுத்தினால் போதுமா?

கிடங்குக்காரர்:
நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக நான்கு இடங்கள்: டயர் கடை, உதிரிபாகக் கடை, உணவகம், கடைசியில் எங்கள் கட்டுமானப் பொருள் கிடங்கு. மொத்த முகப்பு 160 மீட்டர், அதற்குள் ஐந்து வாசல் (கிடங்குக்கே இரண்டு). பக்கத்துக்கு இரண்டு தடம், நடுவில் மீடியன் (தடுப்புத் திட்டு). உணவக வாசலுக்கு நேராக மீடியனில் ஒரு திறப்பு. இடது பக்கம் ஓட்டும் சாலை, வண்டிகள் 80 கி.மீ. வேகத்தில் வரும்.

உள்ளே திரும்ப வேகம் குறைக்கும் வண்டியைப் பின்னால் வரும் வண்டி அடிக்கடி இடித்துவிடுகிறது. கேட் திறக்கும்வரை எங்கள் லாரிகள் சாலையிலேயே நிற்கின்றன. வாசல்களை 20 மீட்டராக அகலப்படுத்த வரைபடம் கொடுத்தோம், அனுமதி தரும் அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. எதை மாற்றுவது?

சாலை வரைவாளர்:
திருப்பி அனுப்பியது நல்லதுதான். 20 மீட்டர் வாசலில் யார் எந்த ஓரமாக நுழைவார், எந்த ஓரமாக வெளியேறுவார் என்று எவருக்கும் தெரியாது. உங்கள் பிரச்சினை அகலத்தில் இல்லை, வாசல்களின் எண்ணிக்கையிலும் அந்த மீடியன் திறப்பிலும் இருக்கிறது.

வண்டிகளின் பாதைகள் பிரியும், சேரும், வெட்டும் இடங்களை மோதல் புள்ளிகள் என்று எண்ணுவோம். மீடியன் திறப்புக்கு எதிரே உள்ள வாசல் மூன்று முனைச் சந்திப்புக்குச் சமம், அதில் 9 புள்ளிகள். மற்ற நான்கு வாசல்களிலும் இடப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியேற மட்டுமே முடியும், ஒவ்வொன்றிலும் 2. ஆக மொத்தம் 17. நான்கு பேரும் சேர்ந்து ஒரே நுழைவு, ஒரே வெளியேற்றம் வைத்து, மீடியன் திறப்பையும் மூடினால் மிஞ்சுவது 2. நேர் குறுக்காக வெட்டும் புள்ளி ஒன்றுகூட இருக்காது. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்த வகைதான்.

வண்டி வரும் திசையில் முதலில் நுழைவு, 160 மீட்டரின் மறுகோடியில் வெளியேற்றம். மாற்றி வைத்தால் வெளியே வந்து வேகமெடுப்பவரும் உள்ளே போக வேகம் குறைப்பவரும் ஒரே துண்டுச் சாலையில் பின்னிக்கொள்வார்கள்.

பின்னால் இடிப்பதற்குத் தனித் தடம்தான் தீர்வு. 80-லிருந்து 20-க்கு அலுங்காமல் வேகம் குறைக்க ஏறத்தாழ 115 மீட்டர் வேண்டும். அந்த வேலை ஓடும் தடத்துக்கு வெளியே, நுழைவுக்கு முன்பே நடக்க வேண்டும். உங்கள் முகப்புக்குள் அது அடங்காது, முந்தைய நிலத்தின் முகப்பையும் தாண்டிப் போகும். அலுவலகத்தில் முதலில் இதைப் பேசுங்கள்.

உணவகக்காரர்:
நான் அந்த உணவகம் நடத்துபவன். திறப்பை மூடினால் எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவர்கள் போய்விடுவார்கள். கிடங்குக்குத் தேடி வருவார்கள், எனக்குப் போகிற வழியில் பார்த்து நுழைபவர்தான் வாடிக்கையாளர். சர்வீஸ் ரோடு போட்டால் ஆகாதா?

லாரி ஓட்டுநர்:
அண்ணே, அந்த மாதிரித் திறப்பில் டிரெய்லரைத் திருப்பிப் பாருங்கள். மீடியன் அகலம் நாலைந்து மீட்டர், வண்டி 16 மீட்டர். எதிர்த்தடத்தில் இடைவெளி கிடைக்கும்வரை பின்பாதி வேகத் தடத்தில் குறுக்கே கிடக்கும். ராத்திரியில் வருகிற காருக்கு டிரெய்லரின் பக்கவாட்டு கண்ணிலேயே படாது. நான் அங்கே திரும்ப மாட்டேன், தள்ளிப் போய் யூ டர்ன் எடுத்து வருவேன்.

சாலை வரைவாளர்:
உணவகக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பார்த்ததும் நுழைபவர் பெரும்பாலும் உங்கள் பக்கமாகவே வருபவர். அவருக்குத் தேவை அகன்ற வாசல் அல்ல, முன்கூட்டியே கண்ணில் படும் பலகை. எதிர்ப்பக்கத்தவருக்காக, ஒதுங்கி நிற்கத் தனித் தடம் உள்ள யூ டர்ன் கேளுங்கள். அது 800 மீட்டர் தள்ளி இருந்தால் 1.6 கி.மீ. கூடும், ஓரிரு நிமிடம். சர்வீஸ் ரோடும் நல்ல வழிதான், இடம் இருந்தால். அது நெடுஞ்சாலையில் சேரும் முனையைக் குறுகலாகப் போட்டால் சிக்கல் அந்த முனைக்கு நகரும், அவ்வளவே.

அப்புறம் பலகைகள். வெளியேறும் இடத்தில், சாலை விளிம்பிலிருந்து 4.5 மீட்டர் உள்ளே, கார் ஓட்டுநரின் கண் மட்டமான 1.1 மீட்டர் உயரத்தில் நின்று வண்டி வரும் திசையைப் பாருங்கள். சாலையில் சேர காருக்கு 6.5 வினாடி இடைவெளி வேண்டும், 80 கி.மீ. வேகத்தில் அது சுமார் 145 மீட்டர். டிரெய்லருக்கு 10.5 வினாடி, அதாவது 230 மீட்டருக்கு மேல். அதற்குள் பலகை, மரம், ஓரத்தில் நிறுத்திய லாரி எதுவும் மறைக்கக் கூடாது. பலகையில் எழுதிய வேக வரம்பை விட்டுவிட்டு, வண்டிகள் உண்மையில் வரும் வேகத்தை அளந்து கணக்கிடுங்கள்.

கிடங்குக்காரர்:
உணவகக்காரர் அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார், யூ டர்ன் வேலை முடிந்த பிறகே திறப்பை மூட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கேட்டை எவ்வளவு உள்ளே தள்ளுவது? நுழைவின் அகலம்?

சாலை வரைவாளர்:
நிபந்தனை சரியானது, மனுவிலேயே எழுதிவிடுங்கள். கேட் சாலை விளிம்பிலிருந்து 20 மீட்டராவது உள்ளே. இரண்டு லாரி சேர்ந்து வருமென்றால் அதன் இருமடங்கு. அந்த நீளத்துக்குள் பார்க்கிங்கோ குறுக்கு வழியோ வேண்டாம், உள்ளே ஒருவர் காரை ரிவர்ஸ் எடுத்தால் வரிசை நெடுஞ்சாலைவரை நீளும். ஒருவழி நுழைவுக்கு 6 மீட்டர் அகலம் பெரும்பாலும் போதும். மூலை வளைவுதான் முக்கியம். டிரெய்லரின் பின்சக்கரம் முன்சக்கரத் தடத்தில் போகாது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு போகும். வரைபவரிடம் உங்கள் மிக நீளமான வண்டியை வைத்துச் சுழல் பாதை (திரும்பும்போது வண்டி முழுவதும் அடைக்கும் இடம்) போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நுழைவுத் தளம் சாலையை நோக்கிச் சரியக் கூடாது, மழைநீரும் ஜல்லியும் தடத்துக்கு வந்துவிடும். ஓர வாய்க்காலை மண் போட்டு மூடாமல் குழாய் பதியுங்கள். நான்கு இடங்களுக்கும் பொதுவான உள்பாதையை வழி உரிமையாக எழுதிப் பதிவு செய்யுங்கள். நாளைக்கு ஒருவர் இடத்தை விற்றாலும், வாங்குபவர் நடுவில் சுவர் எழுப்ப முடியாது.