காரைக்குடி சேலைக் கடைக் கண்ணாடி: எழுத்தை வெளியே ஒட்டுவதா, உள்ளேயா?

கண்டாங்கிக் கடை:
காரைக்குடியில் சின்னதாக ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். முகப்புக் கண்ணாடி மேற்குப் பார்த்தது. மூணு மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே விழுகிறது. ஷோகேஸில் தொங்கும் அரக்குச் சேலை ஒரு பக்கம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. கீழ்ப்பாதிக்கு பிராஸ்டட் பிலிம் (பால் மாதிரி மங்கலாக்கும் ஒட்டுத்தாள்), அதன்மேல் மெரூன் வினைலில் (ஸ்டிக்கர் தாளில்) 'செட்டிநாட்டுக் கண்டாங்கி' என்று எழுத்து. நானும் தம்பியுமே ஒட்டிவிடலாம் என்று பார்க்கிறோம். எழுத்து வெளியேயா, உள்ளேயா? பிலிம் போட்டால் சேலை வெளுப்பது நிற்குமா?

தேவகோட்டைக்காரன்:
உள்ளே ஒட்டுங்க அக்கா. வெளியே என்றால் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் நகத்தால் உரித்தே தீர்த்துவிடும். உள்ளே ஒட்ட, எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வெட்டச் சொல்லணும்.

ரேடியம் கட்டிங்:
ஸ்டிக்கர் வேலைதான் எனக்குப் பிழைப்பு. அக்கா, உங்கள் கடையில் கூட்டம் விளக்கு போட்ட பிறகுதானே? பிராஸ்டட் மேல் வெளிச்சம் ஊடுருவாத சாதா வினைலை எந்த நிறத்தில் ஒட்டினாலும், உள்ளே விளக்கு எரிந்தால் தெருவிலிருந்து கறுப்பாகத்தான் தெரியும். மெரூனுக்குக் கொடுத்த காசு பகலோடு சரி. அதற்குப் பதில் பிலிமிலேயே எழுத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். ராத்திரி எழுத்து வழியாக வெளிச்சம் வரும். ஓரத்தில் கண்டாங்கிக் கட்டத்தையும் அப்படியே வெட்டலாம், அம்சமாக இருக்கும்.

தமிழ் எழுத்தில் வம்பே புள்ளியும் சுழியும்தான். உங்கள் பெயரில் மட்டும் அஞ்சு புள்ளி. ஒன்றை உரித்தெடுக்க மறந்தாலும் 'ட்' வெறும் 'ட' ஆகிவிடும். 'ண்' சுழிக்குள் இருக்கும் துண்டோ, உரிக்கும்போது கூடவே வந்துவிடும். ஊசி முனையால் அமுக்கிக்கொண்டு உரிக்கணும். டிசைன் செய்பவரிடம் எழுத்தை 'வெல்ட்' செய்தாரா, அதாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறும் கோடுகளை ஒரே உருவமாக இணைத்தாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொம்பும் காலும் சேரும் இடத்தில் கத்தி குறுக்கே கோடு போட்டுவிடும்.

ஒட்டுவதைக் காலையிலேயே முடியுங்கள். மதியம் கண்ணாடி சுட்டால் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. ஆடிக் காற்று அடிக்கும் நாளும் வேண்டாம், நம் ஊர் செம்மண் தூசி பசைக்குள் போனால் போனதுதான். கண்ணாடியைப் பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். ஒரு லிட்டர் தண்ணியில் ரெண்டு சொட்டு ஷாம்பு. கண்ணாடியிலும் பசைப் பக்கத்திலும் தாராளமாகத் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜியால் (தண்ணியை வழிக்கும் பட்டை) தள்ளுங்கள். கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் ஓரம் கிளம்பாது. பிலிமைத் தூக்கி ஒட்ட அதன்மேல் போட்டிருக்கும் டேப்பை உடனே இழுக்க வேண்டாம். நீர் இறங்கி பிலிம் பிடித்த பிறகு, கண்ணாடியோடு படுக்கவைத்த மாதிரி மெதுவாக உரியுங்கள்.

சேலை வெளுப்பதற்கு பிராஸ்டட் மருந்தல்ல. மேல்பாதிக்கு யுவி (புற ஊதாக் கதிர்) தடுக்கும் தெளிவான பிலிம் தனியாக வாங்குங்கள். அதுவும் வெளுப்பதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. வெளிச்சமும் சூடும் தங்கள் பங்குக்கு வெளுக்கத்தான் செய்யும். தொங்கும் சேலையை அடிக்கடி மாற்றுங்கள்.

கண்டாங்கிக் கடை:
சரி அண்ணே, வெட்டியே எடுத்துவிடுகிறோம். டிரயல் ரூம் கதவுக்கும் இதே பிலிம் போதுமா?

ரேடியம் கட்டிங்:
போதாது. கதவை ஒட்டி நின்றால் நிழலுரு அப்படியே தெரியும், அதுவும் பின்னால் விளக்கு இருந்தால் இன்னும் மோசம். அங்கே திரைச்சீலை போடுங்கள்.